முடிவா ஒரு விலை

ராத்திரி ஒன்பதரைக்குப் பார்த்தோம்.
திருவனந்தபுரத்திலிருந்து ஹைதராபாத்,
ஆறாயிரத்து நூறு.
சோறு தின்று கை கழுவி வந்தால்
எட்டாயிரத்து நானூறு.
"நாம சாப்பிட்டது அவனுக்கு எப்பிடிடே தெரிஞ்சுது?"
கணக்கு எழுதும் ஆன்றோ சிரிக்கவில்லை.
போனைச் சட்டையில் துடைத்தான்,
கோளாறு கண்ணாடியின் அழுக்கில் இருப்பதுபோல.

குடிமல்காபூர் சந்தையில் ரங்காராவ்
எனக்குத் தரவேண்டியது முப்பத்தெட்டாயிரம்.
ஆவணி முகூர்த்தத்துக்கு அனுப்பிய பிச்சி.
கேட்டால் "ரெண்டு நாள்" என்பான்.
அந்த ரெண்டு நாளுக்கு இப்போது மூன்று மாதம்.
நேரில் போய் நின்றால் எடுத்து வைப்பான், எனக்குத் தெரியும்.

செவ்வாய் போய் புதன் திரும்ப
இருபத்திரண்டாயிரம்.
சனி போய்ச் செவ்வாய் திரும்ப
பத்தாயிரம்தான்.
மூன்று ராத்திரி லாட்ஜில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தால்
பாதிக்கும் குறைவு.
சோலி உள்ளவனுக்குத்தான் தண்டனை போல.

என் பூ பறக்கிறதே அதே வயிற்றில்,
கிலோவுக்கு அறுபது ரூபாய்.
நான் எழுபத்தொன்று.
பெருக்கிப் பார்த்தேன்: நாலாயிரத்து இருநூற்று அறுபது.
ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில்
குறுக்கிப் படுக்கச் சம்மதம் என்றேன்.
ஆன்றோ அப்போதுதான் சிரித்தான்.
பிறகு சொன்னான்:
"மறைவா ஒரு ஜன்னல் உண்டு அண்ணாச்சி,
நமக்கு அவசரம்னு தெரியாம கேக்கலாம்."
கேட்டோம்.
ஒன்பதாயிரத்து இருநூறு.

விடியுமுன் நாலேகால். தோவாளை.
மழை வரும்போல், ஆனால் வரவில்லை.
ஈசாந்திமங்கலத்து அம்மை ஒருத்தி
பிச்சியை விரலால் கிண்டிவிட்டு
வேண்டாதவள்போல் கனகாம்பரத்தைப் பார்த்தாள்.
பைக்குள் மஞ்சள் தடவிய பத்திரிகையின் ஓரம்
எனக்குத் தெரிந்துவிட்டது.
"ஆயிரத்து அறுநூறு."
"நேத்து தொள்ளாயிரம்லா?"
"நேத்து நேத்துதான்."
நாலரைக்குத் திரும்பி வந்தாள்.
ஆயிரத்து எண்ணூறு என்றது என் வாய்,
என்னைக் கேட்காமல்.
"முடிவா ஒரு விலை சொல்லும் வேய்!"

அவளுக்காவது ஏசுவதற்கு ஒரு மூஞ்சி இருந்தது.
ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்குக் கொடுத்தேன்.
ஒரு கை அள்ளி மேலேயும் போட்டேன்,
அதை அவள் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மிஞ்சியது வாய் விரித்துவிட்டது.
சாக்கில் கட்டினோம், சென்ட் கம்பெனிக்கு.
விரிந்த பிச்சியை எந்தக் கொண்டையும் கேட்காது.
அப்படியே தோன்றியது:
ஓடுபாதையை விட்டு எழும்பிய கணத்தில்
காலியான இருக்கையும் விரிந்துபோகும்.
அவனுக்கு அத்தரும் கிடையாது.
பாவம் என்று நினைத்தேன்,
அரை நிமிஷம்.

பதினொன்றுக்கு ஆன்றோ ஓடி வந்தான்.
விசாகப்பட்டினத்துக்கு ஐயாயிரத்து ஐநூறு.
அதே விமானம்தான். ஹைதராபாத்தில் இறக்கி
வேறொன்றில் ஏற்றுவார்கள்.
இறங்கினால் ஒன்பதாயிரம்,
இறங்காமல் தாண்டிப் போனால் ஐயாயிரம்!
ஆரல்வாய்மொழியில் ஏறி
தோவாளையில் இறங்க இருபது ரூபாய்,
நாகர்கோவில் வரை போனால் பத்து என்று
ஒரு கண்டக்டர் சொல்லட்டும் பார்ப்போம்,
பஸ் வெள்ளமடம் தாண்டாது.

விசாகப்பட்டினத்துக்கே எடுத்துவிட்டேன்.
பெட்டி போடக்கூடாது, அது ஊர் தாண்டிப் போய்விடும்.
ஒரு துணிப்பை, ரங்காராவின் பற்றுச் சீட்டு,
அவன் பெண்டாட்டிக்கு நாலு முழம் பிச்சி.
திரும்பி வருவதற்கு?
இன்னும் பார்க்கவில்லை.
பார்த்தால் ஏறும்.

செவ்வாய் மதியம் ஹைதராபாத்தில்
என் பேரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிடுவார்கள்:
சுயம்புலிங்கம், சுயம்புலிங்கம்.
நான் அப்போது ஆட்டோக்காரனிடம்
விலை பேசிக்கொண்டிருப்பேன்.
மேலே, பதினேழு சி-யில்,
கட்டாத வார்பட்டையோடு
நான் இல்லாத நான்
கடல்வரை போய்வருவேன்,
மூவாயிரத்து எழுநூறு மலிவாக.