இரண்டாவது மணம்

ஈல் ஆற்றின் மேல் பனிமூட்டம் கலையும் முன்பே
ஜாம் பாட்டிலும் கையுமாக வந்து நிற்கிறார்
வெண்டல் ட்ராஸ்க்.
மூடியைத் திருகியதும்
டயர்க் கடைக்குள் உட்கார்ந்து
யாரோ சாத்துக்குடி உரித்த வாடை.

ஒடீலியா பெட்டன்கோர்ட் கையுறை மாட்டுகிறாள்.
அவள் அப்பாவிடம் எழுபது ஜெர்சி மாடுகள் இருந்தன.
பாலில் கொழுப்பு எவ்வளவென்று
பள்ளிக்குப் போகுமுன் அளந்த கை
இப்போது பூவில் பிசின் எவ்வளவென்று அளக்கிறது.
அரை கிராம். கரைப்பான். ஊசி.
கருவிக்குள் போன மொக்கு
நாற்பது நிமிடத்தில்
திரையில் மலைத்தொடராக எழுகிறது.

முதல் சிகரம் பைனீன்:
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரங்களின் மூச்சு.
அடுத்து மிர்சீன்:
பழுத்து ஒரு நாள் கூடுதலாகிவிட்ட மாம்பழம்.
லிமோனீன்:
தோலை மடிக்கும்போது கண்ணில் தெறிக்குமே,
அந்தத் துளி.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை,
கோடு தரையோடு ஊர்கிறது.
கடைசியில் காரியோஃபிலீன்.
மிளகு இடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நடுவில் ஒரு சின்ன மேடு.
கருவியின் நினைவில் அதற்குப் பெயரில்லை.
டயர்க் கடை அதற்குள்தான் இருக்கிறதோ என்னவோ.
'அறியப்படாதது' என்று தட்டுகிறாள்.

வெண்டல் வம்சம் சொல்கிறார்.
தாய், இந்துகுஷ் சரிவின் குட்டைச்சி.
அகன்ற இலை,
பனி விழுமுன் பூத்து முடித்துவிடும் அவசரம்.
தந்தை, தாய்லாந்து மேட்டுநிலத்து நெட்டையன்.
விரல் விரலாய் இலை, எதற்கும் அவசரமில்லை.
விதைகள் யாரோ ஒருவரின் கோட்டு மடிப்பில்
கடல் தாண்டி வந்தவை.
கொடுத்த விவசாயியின் பெயரை எழுதி வைக்கவில்லை.
"அப்போ அதுவும் அறியப்படாதது" என்கிறாள் ஒடீலியா,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

முதல் தலைமுறை ஓரச்சில் வார்த்தது போல் இருந்ததாம்.
அண்ணன் தங்கையைக் கலந்தபோதுதான்
ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது:
இருநூற்று ஆறு நாற்று, இருநூற்று ஆறு குணம்.
ஒன்றில் ஈரத்துணி நாற்றம்,
ஒன்றில் எதுவுமே இல்லை.
ஆண் என்று தெரிந்த அன்றே பிடுங்கி
உரக்குழியில் போட்டார்.
நூற்று நாற்பத்தொன்று மட்டும்
தடவிய கையை முகர முகர விடவில்லை.

மணம் என்றால் நமக்குக் கல்யாணம்.
மணம் என்றால் வாசம்.
வெண்டலின் மொழியில் இரண்டும் தனித்தனி,
அதனால் தான் செய்தது என்னவென்று
அவருக்கு முழுதாகத் தெரியாது.

அந்தச் செடிக்கு மணமில்லை. அதனால்தான் மணம்.
கண்ணாடிக் கூடத்தில்
வெள்ளை நூல்களை நீட்டி நீட்டிப் பார்க்கிறது.
காற்று வருகிறது,
காற்றில் யாரும் வருவதில்லை.
நூல் நீள நீளப் பிசின் ஏறுகிறது.
அந்தக் காத்திருப்பைத்தான் இவர்கள்
தசமப் புள்ளி வைத்துச் சதவீதமாகச் சொல்கிறார்கள்.
கிளையை வெட்டி நட்டால் மறுபடி அவளே:
எண்ணூறு தொட்டி, ஒருத்தி.

விளைவு என்றொரு கட்டம் பாக்கி.
வெண்டலின் மனைவி கொரினுக்கு
முதுகெலும்பில் இரண்டு திருகாணி.
இரண்டே இழுப்பு.
தட்டுக் கழுவுவதை விட்டுவிட்டுக்
குழாயில் விழும் தண்ணீரையே பார்த்தாள், சிரித்தாள்,
ஏழு மணிநேரம் புரளாமல் தூங்கினாள்.
அதே இரவு, அதே மொக்கு,
வெண்டலுக்கு நெஞ்சில் குதிரை.
வாசலில் நின்று வேலிக்கம்பங்களை எண்ணினார்.
முப்பத்தெட்டில் தப்பியது.
மறுபடி ஒன்றிலிருந்து.
தன்னைப் பற்றி இருட்டுக்கு ஏதோ தெரிந்துவிட்டதென்று
பயந்து பயந்து விடிந்தது.

"எனக்கு ஒத்துக்கொள்வதில்லை"
என்கிறார் தொப்பியைத் திருப்பிக்கொண்டே,
பன்னிரண்டு வருடம் வளர்த்தவர்.
ஒடீலியா கட்டத்தைக் காலியாக விடுகிறாள்.

மாலை, பெட்ரோல் பங்க் வரிசையில்
முன்னால் நின்றவர் திரும்பி முகர்கிறார்.
கையுறை போட்டும் மணிக்கட்டில் ஒட்டியிருக்கிறது.
"என்ன வாடை இது?"
"இன்னும் பெயர் வைக்கவில்லை."