கடைசி ஆள்

வேகமாக மிதிப்பவர்கள் முன்னுக்கு.
நான் மெல்லத்தான் வருவேன் என்றதும்
கிருபைராசா சேர் யோசிக்கவே இல்லை.
"அப்ப நீங்க கடைசி.
கடைசி ஆள்தான் முக்கியம்."
எல்லா இடத்திலும்
இப்படிச் சொல்லித்தான் என்னைக் கடைசியில் விடுகிறார்கள்.

காந்திப் பூங்காவில் நாற்பத்தொரு சைக்கிள்.
மெல்லிய டயரும் கறுப்புக் கண்ணாடியுமாக நாலு பேர்;
மற்றதெல்லாம் கூடை நெளிந்தது, செயின் கவர் இல்லாதது.
ஹில்மியாவின் கரியரில்
ரியூஷன் கொப்பிகள் இன்னும் கட்டியபடி.
எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை,
எனக்கு மிஞ்சியது பெரிய சைஸ்.
முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று
மற்றவர்களின் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்:
எனக்கும் இந்த வீதி.

சீற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு லைற்றைப் பூட்டி
ஒகஸ்டின் அழுத்தினான்.
அது சிமிட்டத் தொடங்கியது.

கல்லடிப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் பிடித்தது.
இறங்கும் இடத்தில்
மீன்பெட்டி கட்டிய ஒருவர் என் பக்கத்தில் வந்தார்.
"என்ன புள்ள இவ்வளவு சனம், ஆரும் மவுத்தா?"
"இல்லக் காக்கா, விழிப்புணர்வு."
"என்ன உணர்வு?"
"சைக்கிள்ல போற ஆக்களையும்
வாகனக்காரர் பாக்கணுமாம்."
பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணி
தார் ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்தது.
"முப்பது வருசமா நான் தனியச் செய்யிற வேல,"
என்றுவிட்டு
நாவற்குடா ஒழுங்கையில் கிறுகிப் போனார்.

காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள்
வீதியின் நடுவில் வரிசையாக நிற்கும்.
அங்கே முந்த இடமில்லை.
அங்கேதான் எனக்குப் பின்னால் அந்த ஹோன்.

அந்த ஹோனை எனக்குத் தெரியும்.
கல்முனையில் வாங்கி வந்த அன்று
அவர் முற்றத்தில் வைத்து அடித்துப் பார்த்தார்.
ஏணையில் கிடந்தவள் எழும்பி
ஒரு மணித்தியாலம் அழுதாள்.

முதுகு எவ்வளவு பெரிய இடம் என்று
எனக்கு அன்றுவரை தெரியாது.
எஞ்சின் சூடு முழங்காலின் பின்பக்கத்தைத் தொட்டது.
திரும்பவில்லை.
திரும்பினால் ஹாண்டிலும் திரும்பும்.
அந்த பஸ்ஸுக்குள் நான் இருந்திருக்கிறேன்,
சாரதிக்குப் பின் சீற்றில், பூ வைத்துக்கொண்டு.
"அவன் விலத்துறானில்ல, இன்னொருக்கா அடிங்க,"
என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அடித்தார். மறுகாவும் அடித்தார்.
மூன்றாவது நீண்டது.
நாலாவது வரும் என்று
தோள் இரண்டையும் இறுக்கிக்கொண்டு மிதித்தேன்.
வரவில்லை.
வெறும் எஞ்சின், என் வேகத்தில்,
ஒரு கடை, இரண்டு கடை, பள்ளிவாசல் மதில்.

மரங்கள் முடிந்ததும் முந்தினார்.
நடத்துனர் பொடியன் மிதிபலகையில் தொங்கியபடி
என் ஹெல்மெட்டைப் பார்த்துக்
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.
கிழமைக்கு மூன்று நாள்
என் கையால் சாப்பிடுகிறவன்.

இரவு பிட்டும் சூரை ஆணமும்.
"ஆறு நிமிசம் பிந்திற்று.
டைம்கீப்பர் முந்நூறு எழுதிற்றான்.
சைக்கிள் கூட்டமொண்டு, வேலவெட்டி இல்லாததுகள்."
"கடைசியாப் போனது நான்தான்," என்றேன்.

இரண்டு வாய் சாப்பிட்டார்.
முள் ஒன்றை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தார்.
"அந்தச் சிவப்பு லைற்றா?"
"ஓம்."
"தூரத்திலயே தெரிஞ்சிது."

கை கழுவப் போனவர்
குசினி வாசலில் நின்றார்.
"பற்றறி எத்தின நாளைக்கு நிக்கும்?"
எனக்குத் தெரியாது.
அணைக்கிற இடமே
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
விறாந்தை இருட்டில்
சைக்கிள் சிமிட்டிக்கொண்டு நின்றது.