பதினொன்றாவது வளைவு

நாளைக் காலை ஒன்பதரைக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்.
இரண்டாம் தடவை எழுதுகிறேன்.
மூன்று நாளாகத் தூக்கம் என்பது
மேசை விளிம்பு நெற்றியில் பதித்த கோடு.

அப்பாவிடம் போனில்
"சாப்ட்டேன்பா" என்று சொன்ன வாய்
எதையும் மென்று இரண்டு வேளை ஆகிறது.

ஜரீனா தட்டுவடை செட் வாங்கி வந்தாள்,
அஸ்தம்பட்டி முக்கில், காரம் தூக்கலாக.
பீட்ரூட் துருவல் சிந்தி
பெர்னூலி சமன்பாட்டில் ஒரு பக்கம் சிவந்துவிட்டது.
துடைக்கப் போனேன்.
"விடுடி, அந்தப் பக்கமாவது உசுரோட இருக்கட்டும்."

சிரிப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்து
அழுகையும்.
ஒன்றும் கேட்காமல்
மொட்டை மாடிக்கு இழுத்துப்போனாள்.

இருட்டுக்குள் ஏற்காடு.
ஒற்றை விளக்கு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது,
லாரியோ, காப்பித் தோட்டத்து ஜீப்போ.
வளைவில் மறைந்தது.
நின்றுவிட்டதென்று நினைப்பதற்குள்
கொஞ்சம் மேலே முளைத்தது.

மொத்தம் இருபது கொண்டை ஊசி.
எண்ணத் தொடங்கினோம்.
எட்டு. ஒன்பது.
பத்தில் ஜரீனா கொட்டாவி விட்டாள்.
பதினொன்று வரை ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது மணி ஐந்தரை,
தலைக்கடியில் அவள் துப்பட்டா,
கன்னத்தில் சிமெண்ட் தரையின் குளிர்.
நான்காவது யூனிட்டைத் தொடவே இல்லை.

பசித்தது.