ஒன்றேகால் முழம்

விபூதிப் புதனிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனியில்லை.
வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரச் சோறு.
மிஞ்சுகிற காசு
பங்கில் தந்த மட்டைப் பெட்டிக்குள்.
இடைக்கிடை குலுக்கிப் பார்ப்பேன்,
சத்தம் கூடுகிறதா என்று.
இதுதான் என் ஒறுத்தல், ஆண்டவரே.
என்னிடம் நீர் எடுக்கக்கூடியது இவ்வளவென்று
நானே அளந்து வைத்திருந்தேன்.

இரண்டாம் கிழமை
மல்லாகம் கோட்டில் தீர்ப்பு.
பத்தொன்பது வருஷ வழக்கு.
அப்பா தொடங்கி, அப்பா செத்து,
தபால் கந்தோரில் லீவு போட்டுப் போட்டு
தவணைக்கு நான் நடந்து,
அம்மாவின் பதக்கஞ்சங்கிலி
அப்புக்காத்தின் மேசையில் கரைந்து,
கடைசியில் காணி எங்கள் பக்கம்:
அகலம் ஒன்றேகால் முழம்.
நீளம், ஒழுங்கை தொட்டுக் கிணற்றடி வரை.
ரொறன்ரோவில் தம்பி கேக் வெட்டினானாம்.

அந்த ஒன்றேகால் முழத்தில் என்ன இருக்கிறது?
ஊர் முழுக்க இடம்பெயர்ந்து
இளவாலை பற்றை மூடிக் கிடந்த காலம்
முதலில் திரும்பி வந்த பஸ்தியாம்பிள்ளை
கண்மட்டத்துக்கு நட்ட கதியால்,
இன்று பூவரசும் கிளுவையுமாய் ஓங்கிய வேலி.
அதற்கு அந்தப்பக்கம் ஒடுங்கிய சீமெந்துப் பாதை,
பிடித்து நடக்க ஒரு கம்பி,
பாதை முடிவில் கக்கூசு.
பாரிசவாதம் விழுந்த பிலோமினாக்கா
நாளுக்கு நாலைந்து தரம் போய்வருகிற தூரம்.

பஸ்தியாம்பிள்ளை நல்ல மனுசன் இல்லை.
அதையும் சொல்லி வைக்கிறேன்.
அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து நின்று
அடுத்த தவணை எப்ப என்று கேட்டவர்.

சிலுவைப்பாதையில்
பத்தாம் இடம் வாசிக்கிற முறை எனக்கு.
உம்முடைய உடுப்பை உரிகிறார்கள்.
குரல் பிசகாமல் வாசித்தேன்.
முழங்கால் நிலத்தில் பட்டபோது கேட்டீர்,
சீனியை அல்ல.
கேட்டது நீர்தானா
என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்.
அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டே மன்றாடினேன்:
காசு கேளும். கோயில் கூரைக்கு ஓடு கேளும்.
மடுவுக்கு வெறுங்காலோடு நடக்கச் சொல்லும்.
அப்பாவை மட்டும் தோற்கடிக்கச் சொல்லாதேயும்.
நீர் ஒன்றும் பேசவில்லை.
சனம் பதினோராம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

சர்வேயர் சங்கிலியோடு வந்த காலை
பஸ்தியாம்பிள்ளை வேலிப் பொட்டுக்குள் நின்றார்.
கத்தியோடு வருவாரென்று நினைத்திருந்தேன்;
சேர்ட்டுக்கூடப் போட்டிருக்கவில்லை.
பின்னால் பிலோமினாக்கா,
கம்பியை இறுக்கிப் பிடித்தபடி.
"கல்லு எங்கை போட, தங்கச்சி?"
"வேலி நிக்கிற இடத்திலையே போடுங்கோ."
சர்வேயர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் கேட்டார்.
முதல் தரம் எப்படியோ வாயில் வந்துவிட்டது.
இரண்டாம் தரம் சொல்லத்தான்
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

தம்பி போன் எடுப்பதில்லை.
அப்பாவின் கல்லறைப் பக்கம்
நான் இன்னும் போகவில்லை.
மனதுக்குள் சமாதானம் வரும் என்றார் சுவாமியார்,
அவசரத்தில் சொல்லியிருப்பார்.
உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து
இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன்.
திகட்டியது.

பஸ்தியாம்பிள்ளை ஒரு வார்த்தை
நன்றி சொன்னாரா என்று கேளும்.
போன கிழமை வேலிக்கு மேலால் தலையை நீட்டி,
பூவரசம் இலை பாதையெல்லாம் கொட்டுகிறதாம்,
பிலோமினா வழுக்கி விழப் பார்த்தாளாம்,
"தீர்ப்பின்படி வேலி உன்ரையெல்லே,
நீ வந்து கூட்டு" என்கிறார்.

முதல் நாள்
காது கேளாத மாதிரி இருந்தேன்.
அடுத்த நாள் குசினி யன்னலையும் சாத்தினேன்.
மூன்றாம் நாள், விடியப்புறம்,
விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு
பொட்டுக்குள்ளால் குனிந்து
அந்தப்பக்கம் போனேன்.