வாழவந்தி ஏற்றத்தில் நிற்கும் ஜீப்

மிளகு மூட்டை ஒன்பது, ஆள் நாலு,
அரைத் தொட்டிக்கு மேல் டீசல்.
வாழவந்தி தாண்டி மண்ரோடு செங்குத்தாகும் இடத்தில்
இருமும், ஒருமுறை உதறும், நின்றுவிடும்.
இது ஐந்தாவது தடவை.

எலுமிச்சம்பழம் கட்டு அமலோற்பவம், என்றார்
கங்காணி தவசியப்பன்.
மாதா படத்துக்குப் பக்கத்திலேயே கட்டினேன்.
பம்பு போச்சு, என்றார் செவ்வாய்ப்பேட்டை ஜபருல்லா.
கழற்றிப் பார்க்கவே நாலாயிரம் கேட்டார்,
பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.
பொம்பள ஓட்டுனா வண்டிக்கே மூச்சு முட்டும், என்றான்
பின்சீட்டில் எவனோ.

நானும் சும்மா இருக்கவில்லை.
ஃபில்டர் மாற்றினேன், இரண்டு முறை.
குழாய் மூட்டுகளுக்குப் புதுச் செம்பு வாஷர்கள்.
மோதிரத்தை விற்று முன்பணம் கட்டிய ஜீப்புக்கு
மோதிரம் மோதிரமாகத் திருப்பிக் கொடுக்கிறேன்.
கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினேன்:
நுரை, நுரை,
பிறகு நுரையில்லாத தேன்நிறம்.
சரியாகிவிட்டதென்று ஏற்காடு வரை பாடிக்கொண்டே போனேன்.
மறுநாள் அதே இடம்.

ஒன்று மட்டும் உறுத்தியது.
பத்து நிமிடம் விட்டால் தானாகக் கிளம்புகிறது.
கெட்டுப்போன பொருள் எதுவும்
காத்திருந்ததற்காகத் திருந்தாது.

அன்று மழை இருட்டு.
சில்வர் ஓக் மரத்தடியில் காட்டெருமை ஒன்று
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.
மூட்டைமேல் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.
குச்சி விட்டு டீசலை அளக்கலாமென்று
தொட்டி மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்.

வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று.
கிணற்றில் முங்கியவள் தலையைத் தூக்கினாற்போல்
தொட்டி ஒரு நெடுமூச்சு இழுத்தது.
என் விரல்நுனி குளிர்ந்தது.
சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது.

பின்சீட்டுக்காரன் சொன்னது பாதி சரி.
டீசல் காலி செய்த இடத்துக்குக்
காற்று குடிவர வேண்டும்.
வராவிட்டால் எந்தப் பம்பு எதை உறிஞ்சும்?
சமதரையில் சிப்பம் சிப்பமாகக் குடித்துச் சமாளித்தது,
ஏற்றத்தில் தாகம் கூடுதல்.

காலையில் தார்ப்பாய் விரித்து மல்லாந்து
தொட்டிக்குப் பின்னால் சுண்டுவிரல் கனத்தில் தொங்கிய
மூச்சுக்குழாயை உருவினேன்.
வாயில் மண். குளவிக்கூடு.
உடைத்தால் உள்ளே வெளிறிய ஒரு புழு,
அதற்குக் கட்டுச்சோறாக
மயங்கிக் கிடந்த ஏழு சிலந்திகள்.
நாலாயிரம் ரூபாய் நோய் இவ்வளவுதான்.
கூட்டை மிளகுக்கொடி அடியில் வைத்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

பழைய இடத்தில் திரும்ப மாட்ட மனசில்லை.
ஓடை இறங்கும்போது தண்ணீர் ஏறும், சேறு ஏறும்.
நாலரை அடிக்குப் புது ரப்பர் குழாய் வாங்கி
கூரைக் கம்பி வரை தூக்கிக் கட்டினேன்,
நுனியைக் குடைப்பிடி போலக் கீழே வளைத்து,
டீ வடிகட்டி வலையை வட்டமாக வெட்டி மாட்டினேன்.

இன்று ஒன்பது மூட்டையோடு நிற்காமல் ஏறிவிட்டது.
மேலே இறக்கிவிட்டு இளைப்பாறும்போது
மண்ணுருண்டையைக் கவ்விக்கொண்டு ஒரு குளவி வந்தது.
வலையைத் தட்டிப் பார்த்தது.
சுற்றியது.
கொஞ்சம் யோசித்துவிட்டு
ஹாரனுக்குள் நுழைந்தது.