மீதி நானூற்று அறுபது

தவக்காலத்துக்கு முந்தின மாலை
எங்கள் கோயிலில் யாரும் யாரையும் தவிர்க்க முடியாது.
பாதிரியார் முதலில் குனிவார்.
பிறகு வரிசை தன் வாலைத் தேடும் பாம்புபோல் வளையும்.
கோடியாக் தீவின் இந்தக் கரையில் மிஞ்சியிருக்கும்
நாற்பத்தொரு பேரும்
மற்ற நாற்பது பேர்முன் நின்றாக வேண்டும்.
"என்னை மன்னித்துவிடு."
"கடவுள் மன்னிக்கிறார். நானும்."
எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.
அதுதான் இதிலுள்ள வசதி.

ஸீனியா முன் குனிந்தேன்.
அவளைப் பற்றி நான் பேசியதெல்லாம்
எப்படியும் அவள் காதுக்குப் போயிருக்கும்.
தபால் விமானத்துக்குச் சாமான் ஏற்றும் கிழவர்.
எட்டு வயது நெஸ்தர், சிரிப்பு தாளாமல்
என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
அடுத்து மத்ஃபே.

அக்டோபரில் அவனுக்கொரு மோட்டார் விற்றேன்.
என் இன்னொகெந்தி படகில் மாட்டியிருந்தது,
நாற்பது குதிரைத்திறன்,
ஆயிரத்து நூறு டாலர்.
இரும்பில் ஒரு மயிரிழை விரிசல்.
பசை வைத்து அடைத்தது நான்.
மேலே கறுப்புச் சாயம் பூசியதும்
இதே கை.
செத்தவன் பொருள் என்பதால்
அவன் பேரம்கூடப் பேசவில்லை.

டிசம்பரில் நீரிணை நடுவே அது நின்றுபோனது.
பதினோரு மணிநேரம்
அவனும் மகள் ஒலியானாவும்
ஒரே தார்ப்பாய்க்குள்.
செய்தி கேட்டபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
நிறுத்தவில்லை.

இப்போது அவன் என் முன்னால்,
ஈரக் கம்பளி மணக்கக் குனிந்தான்.
வரிசையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்,
எனக்கு மட்டும் கேட்கும்படி:
"இன்னொகெந்தியின் மோட்டாரை
நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை.
மன்னித்துவிடு, ஃபியதோரா."

பழகிய வாய் முந்திக்கொண்டது.
"கடவுள் மன்னிக்கிறார். நானும்."

வீட்டில் வெண்ணெயில் பொரித்த கடைசி அப்பங்கள்.
நாளை முதல் வெண்ணெய் கிடையாது, இறைச்சி கிடையாது.
இவ்வளவையும் விட்டுவிட முடிகிற எனக்கு
ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை.
கடவுள் மன்னித்திருக்கலாம்.
அவர் அந்தப் படகில் இருந்தவர்தானே,
அவருக்கு எல்லாம் தெரியும்.
மத்ஃபேவுக்குத் தெரியாது.

தகரப்பெட்டியைக் கவிழ்த்தேன்.
பாதியை அடுப்பெண்ணெய் குடித்திருந்தது.
அறுநூற்று நாற்பது.
முழுவதும் சேரட்டும், பிறகு போகலாம் என்று
நல்லவள்போல் ஒரு குரல் சொன்னது.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்,
சாயம் பூசச் சொன்னதும் அதுதான்.

திங்கள் காலை அவன் வீட்டுப் படிகளில் பனி கண்ணாடியாய் இறுகியிருந்தது.
கைப்பிடி இல்லை.
கோயிலில் கம்பளம் விரித்திருப்பார்கள்,
குனிவது எளிது.

சொன்னேன்.
விரிசல், பசை, சாயம்.
வலை முடிச்சிலிருந்து அவன் கையெடுக்கவில்லை.
உள்ளறையிலிருந்து ஒலியானா எட்டிப் பார்த்தாள்,
கதவைப் பிடித்திருந்த விரல்களில்
இரண்டின் நுனி இன்னும் வெளுத்தே இருந்தது.
அழுதுவிட்டால் அவன் ஆறுதல் சொல்லவேண்டி வரும்.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பணத்தை இரண்டு முறை எண்ணினான்.
"மீதி நானூற்று அறுபது."
"சால்மன் வரும்போது" என்றேன்.
சுவர்க் காலண்டரில் போன மாதத்தைக் கிழித்து
அதன் முதுகில் எழுதி
கையெழுத்துப் போட்டு நீட்டினான்.
தேநீர் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.
கதவை அறையவும் இல்லை,
சாத்தினான்.

அடுத்த ஞாயிறு அவன் தன் வழக்கமான தூணருகில் நின்றான்.
நான் என் இடத்தில்.
நடுவில் நானூற்று அறுபது டாலர்.
அன்றுதான் முதன்முறையாக
அவன் இருமுவதைக் கேட்டேன்,
குளிர்காலம் முழுக்க இருமியிருக்கிறான்.

அந்தத் துண்டுக் காகிதம்
என் வீட்டு மூலையில், விளக்கெரியும் படங்களுக்குக் கீழே
செருகியிருக்கிறது.
அங்கே நான் வைத்த எத்தனையோ ஜெபங்களில்
கையெழுத்தோடு திரும்பி வந்தது
அது ஒன்றுதான்.