பழைய எண் 14, புதிய எண் 31

வலக்கண் முடிந்தது. இடக்கண் பத்து நாள் கழித்து.
அதுவரை குனியக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது,
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.
கதவு பார்க்கக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை.

பினாங்குத் துறைமுகத்தில் முப்பத்தேழு வருடம்
கப்பலுக்குப் பெட்டி ஏற்றியவன் நான்.
பெட்டிக்கும் கதவு உண்டு. எல்லாம் ஒரே கதவு.
இங்கே கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள்
பதினோரு கதவுகள்.
நகைப் பட்டறையின் மடக்குக் கதவுக்கு
சைக்கிள் செயினில் பூட்டு.
வக்கீல் வீட்டுக் கதவில் பித்தளைக் குமிழ்கள்,
எண்ணினேன், ஒன்று குறைய அறுபது.
பாதி ஏறிய ஷட்டரில்
'வேண்டாம்' மட்டும் மிச்சம்;
எது வேண்டாம் என்பது மேலே சுருண்டுவிட்டது.

எல்லா வாசலுக்கும் இரண்டு எண்.
பதினான்கில் நின்றேன், முப்பத்தொன்று என்றும் சொல்லலாம்.
இரட்டைக் கதவு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வலக்கண்ணால் பார்த்தால் நீலம்,
வெள்ளை வேட்டிக்குச் சொட்டுவிடும் நீலம்.
இடக்கண்ணால் பார்த்தால் பச்சை,
நாள்பட்ட வெற்றிலையின் பச்சை.
மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தபோது
கதவு திறந்தது.

"கார்ப்பரேசனா? போன வாரமே அளந்துட்டுப் போயிட்டாங்களே."
இல்லையம்மா, கதவு அழகாயிருக்கிறது என்றேன்.
அவர் சட்டென்று மேலே பார்த்தார்.
நிலைக்கு மேல் நாக்குத் தொங்கும் பூதம்,
படிகாரம், எலுமிச்சை, கறுப்புக் கயிறு.
எல்லாம் என்னைப் போன்றவனுக்காகத்தான்.

நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டதும் குரல் இறங்கியது.
"கண்ணாஸ்பத்திரியா? எந்த ஊரு?"
சொன்னேன்.
"அம்புட்டுத் தூரத்துல இருந்தா!"
நீலம் நல்ல நீலம் என்றேன்.
"பச்சைங்க. அவரு இருக்கையில அடிச்சது நீலந்தான்,
வெளுத்து வெளுத்துப் பச்சையாயிருச்சு."

இடக்கண்ணால் பார்த்தேன். பச்சைதான்.
வலக்கண்ணால் அவர் கண்ணைப் பார்த்தேன்.
மணிக்குள் ஒரு துளி பால் கலங்கியிருந்தது.

அம்மா, நாளைக்கு ஏழு மணிக்குப் பதிவு,
நான் போகிறேன், கூட வாங்களேன்.
"எங்கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."
தாழ்ப்பாள் விழுந்தது.
பூதமும் நானும் கொஞ்ச நேரம் நின்றோம்.

சந்து முனையில் திரும்பிப் பார்த்தேன்.
ஒரு பாதிக் கதவு திறந்திருந்தது.
தெருவில் இறங்கி, வீட்டைப் பார்த்து நின்று
உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தியிருந்தார்.
பிறகு மற்றதை.

எனக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.
அதற்குள் ஒருமுறை வந்து
அந்தப் பச்சையைப் பார்த்துவிட வேண்டும்.